சிவப்பு திருப்பித் தராது

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு மூலம். அதாவது எனக்கு மூலம் இல்லை. உன் அக்காவைப் பொறுத்தவரை எனக்கு மூலம்.

நடந்தது இதுதான். விளையாட்டுச் சீட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை ஒரு கட்டு வரவழைத்தேன். பார்சல்காரர் வருகிற நேரம் பார்த்து உன் அக்கா வாசலில் நிற்கிறாள். என்னங்க இது என்றாள். சீட்டு என்று சொன்னால் உன் பேச்சு வரும். உன் பேச்சு வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மருந்து என்றேன். எதுக்கு மருந்து என்றாள். பார்சலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மூலத்துக்கு என்றேன். தலைவலிக்கு என்று சொல்லியிருக்கலாம். அது ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாட்டில் காரம் கிடையாது. உட்காரும்போது முகத்தைச் சுளிக்க வேண்டியிருக்கிறது. மறந்துபோய் தொப்பென்று உட்கார்ந்தால் ஒரு பார்வை பார்க்கிறாள்.

இவ்வளவும் உனக்காகத்தான். நன்றி எல்லாம் வேண்டாம், படித்துவிட்டுப் பதில் போடு. போனில் பேசலாமே என்பாய். நம் வீட்டுப் போனில் நீ பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார், அவ்வளவு சத்தம். அதுவும் இல்லாமல் சீட்டைப் போனில் அனுப்ப முடியாது. எழுத்து கோணலாக இருந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்து வருஷப் பழக்கம்தான்.

உன் பெட்டி போய்விட்டது. அதைப் பூசி மெழுகிப் பேச முடியாது. சின்ன வயதிலிருந்து நீ சேர்த்த சீட்டெல்லாம் பழைய பேப்பரோடு பேப்பராய்ப் போனது, போட்டது உன் அக்கா. பயிற்சி முடிந்து நீ வருகிறாய் என்று ரூமுக்குப் பெயிண்ட் அடித்தாள். கட்டிலை நகர்த்தினாள். அடியில் இருந்த அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள் இருப்பதாக நினைத்தாள். நீ வந்து கேட்டதும் ஐயோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அவளோ, இந்த வயசுல உனக்கு எதுக்குடா விளையாட்டுச் சீட்டு என்றாள். நீயாவது பேசாமல் இருந்திருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ ஒண்ணும் என் அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாய். எட்டு வயதிலிருந்து உனக்குத் தலை சீவிவிட்டவளைப் பார்த்து. ஆளுக்கு ஒரு அடி. நடுவில் நான் பெயிண்ட் டப்பாவோடு நின்றேன்.

இப்போது புதுசாக ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். உன் ரூமில் தையல் மிஷினைக் கொண்டுபோய்ப் போடப்போகிறாளாம், அடுத்த மாதம். கூடத்தில் வெளிச்சம் போதவில்லையாம். இத்தனை வருஷம் போதிய வெளிச்சத்துக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை, எனக்கு மூலம் மட்டும் போதும். உனக்குத் தெரியும், மிஷின் உள்ளே போனால் துணி போகும், துணி போனால் அலமாரி போகும், உன் கட்டில் மாடிப்படிக்குக் கீழே போகும். அப்புறம் நீ வந்தாலும் விருந்தாளிதான்.

ஆகவே எனக்கு ஒரு யோசனை. போன பெட்டிக்குப் பதிலாகச் சீட்டை நாமே செய்வோம். நான் வேலை பார்க்கிற பெயிண்ட் கடையில் பழைய ஷேட் கார்டு மலையாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் பெயிண்ட் கலர், மறுபக்கம் வெள்ளை. வெட்டினால் சீட்டு. விளையாட்டில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான், தப்பென்றால் திருத்து. சிவப்பு அடிக்கும், எரிக்கும். நீலம் தடுக்கும், எதிராளி எதை வைத்தாலும் செல்லாது என்று திருப்பி அவன் கையிலேயே கொடுக்கும். பச்சை வளர்க்கும். வெள்ளை காக்கும். செத்த சீட்டெல்லாம் குழிக்குள் போகும், அதைத் தோண்டி எடுப்பது கறுப்பின் வேலை. ஒரு நிறத்தின் வேலையில் இன்னொன்று கை வைக்கக்கூடாது. நீ எப்போதும் நீலம்தான் ஆடுவாய். லிஃப்டைச் சோதித்து ஓடக்கூடாது என்று சீல் வைக்கிற உத்தியோகம் உனக்குச் சும்மா கிடைக்கவில்லை. உன் அக்கா என்ன நிறம் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா.

முதல் சீட்டு இத்தோடு இருக்கிறது. சிவப்பு. பெயர், 'பெரிய மனசு'. குழியில் இருக்கிற எல்லாச் சீட்டும் உரியவர் கைக்குத் திரும்பி வரும். விலை, ஒன்றும் இல்லை. மேலே வரைந்திருப்பது நெருப்பு, முட்டைக்கோஸ் இல்லை.

உன்னிடம் ஒருநாளும் ஜெயிக்காத,
அத்தான்


ஜூன் 11

அத்தான்,

கடிதமும் சீட்டும் கிடைத்தன. மூலத்துக்கு என் அனுதாபம்.

இங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறது, ஒன்றைத் தவிர. நான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டைச் சோதிக்கும் வேலை எனக்கே வந்தது. கயிறு தேய்ந்திருந்தது. சீல் வைத்தேன். என் அறை ஐந்தாவது மாடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை. படியில் எதிரே வந்தால் மூச்சு வாங்குவதுபோல் நின்று, நான் தாண்டிப் போகும்வரை சுவரைப் பார்க்கிறார்கள்.

சீட்டு விஷயம். சனிக்கிழமைகளில் இங்கே ஒரு சீட்டுக் கடையில் கூடி ஆடுகிறோம். கடைக்கார அம்மா ஒரு பந்தயம் வைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு சீட்டு செய்து வர வேண்டும். ஒரு நிறம் வழக்கமாகச் செய்யாத வேலையை அதைச் செய்ய வைக்க வேண்டும். ஆனால் நிறத்தை இழுக்கலாம், அறுக்கக்கூடாது. இழுத்த பிறகும் அது அந்த நிறமாகவே தெரிய வேண்டும். உங்கள் 'பெரிய மனசை' அவரிடம் காட்டினேன். இது சிவப்புச் சட்டை போட்ட கறுப்பு என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

சிவப்பு திருப்பித் தராது, அத்தான். எரித்தது எரித்ததுதான். அப்படியே தந்தாலும் எல்லாவற்றையும் தராது, நிதானமாகத் தராது, சும்மாவும் தராது. சிவப்பு எதைச் செய்தாலும் அவசரமாகச் செய்யும், பாதி தப்பாகச் செய்யும், செய்யும்போது தானும் அடிபடும். அப்படி ஒரு சீட்டு எழுத முடியுமானால் எழுதுங்கள். முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவைப் பற்றி எழுத வேண்டாம். ரூம் அவள் வீட்டு ரூம், அவள் இஷ்டம். மிஷினை நகர்த்தும்போது பின்கால் ஒன்று ஆடும், அட்டையை மடித்து அடியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தையல் கோணும், பிறகு நாள் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அது முட்டைக்கோஸ்தான்.

உங்கள்
மைத்துனன்


ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

அக்காவைப் பற்றி எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி. நான் என் பெண்டாட்டியைப் பற்றி எழுதுகிறேன், உனக்குச் சம்பந்தமில்லாத பொம்பளை, பிடித்தால் படி.

என் பெண்டாட்டி செய்த காரியத்தைக் கேள். ரவிக்கை அளவு கொடுக்க எங்கள் முதலாளியின் மனைவி வந்திருக்கிறார். அவரிடம் என் மூலத்தைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். மறுநாள் கடையில், வாடிக்கையாளர் நிறைந்திருக்கிற நேரத்தில், முதலாளி என்னைக் கூப்பிட்டு நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் மெத்தை ஒன்றைக் கையில் கொடுத்தார். கலர் கலக்குகிற மிஷினுக்கு முன்னால் இனிமேல் இதில்தான் உட்கார வேண்டுமாம். அவர் போகிறவரை நின்றுகொண்டே இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, உட்காரக்கூட முடியலயாப்பா என்று இன்னும் வருத்தப்பட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், மெத்தை சுகமாகத்தான் இருக்கிறது.

அவள் போக்கே கொஞ்ச நாளாகச் சரியில்லை. லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று மத்தியானம் கிளம்புகிறாள், வெறுங்கையோடு வருகிறாள், தலையெல்லாம் தூசி. துணிக்கடையில் என்ன தலைகீழாகவா நின்றாய் என்று கேட்டேன். வலது உள்ளங்கையில் ஒரு கட்டு. கத்திரி பட்டுவிட்டதாம். வலது கையில் கத்திரியைப் பிடிக்கிறவளுக்கு வலது உள்ளங்கையில் எப்படிக் கத்திரி படும் என்று நீ சொல்லு, நீதான் சோதனை பண்ணுகிற உத்தியோகம்.

இன்னொன்று. அன்றைக்கு நீ ரூமுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தாய், வெளியே வந்து கத்தினாய், போய்விட்டாய். சுவரைப் பார்த்தாயா? நான் கலக்கிய கலர் அது. சாம்பிள் கொண்டுவரக் கொண்டுவரத் திருப்பி அனுப்பினாள். இது ஆஸ்பத்திரி நீலம், இது பஸ் நீலம், இது செத்தவன் உதட்டு நீலம் என்று. அவனுக்குப் பிடிச்ச நீலம் வேற என்பாள். எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் இது இல்லை என்று மட்டும் தெரியும். என் வாழ்நாளில் அவ்வளவு படுத்திய வாடிக்கையாளர் கிடையாது. அந்த ரூம் பூட்டித்தான் இருக்கிறது. மிஷினை நகர்த்த ஆள் சொல்லிவிட்டாள், ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.

போகட்டும், சீட்டுக்கு வருவோம். நீ சொன்னதை யோசித்தேன். சிவப்பு நிதானமாகத் தராது, சரி. இதோ புதுச் சீட்டு. பெயர், 'கூப்பாடு'. குழிக்குள் தலையை விட்டுக் கத்து. பயந்துபோய் எந்தச் சீட்டு வெளியே வருகிறதோ அதை உரியவரிடம் கொடு. விலை, தொண்டை. இது சிவப்பு இல்லை என்று உன் கடைக்கார அம்மா சொல்லட்டும் பார்க்கலாம்.

உறையை ஒட்டக் கோந்து இல்லை. வீட்டில் இருக்கிற கோந்து டப்பா மிஷின் மேல், அவள் கண் முன்னால். அதனால் இதை மருந்துப் பெட்டிக்குள் உன் போன கடிதத்தோடு ஒளித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். மூல மருந்துப் பெட்டியை எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். நாளை கோந்தோடு வந்து ஒட்டித் தபாலில் போடுகிறேன்.

சுகமாக உட்கார்ந்திருக்கும்,
அத்தான்


ஜூன் 28

அத்தான்,

உறைக்குள் இருந்த சீட்டு நீங்கள் எழுதிய சீட்டு இல்லை.

'கூப்பாடு' வரவே இல்லை. வேறொன்று இருந்தது. முன்பக்கம் சிவப்பு, உங்கள் ஷேட் கார்டுதான். பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருக்கிறது. படம் இல்லை. அப்படியே எழுதிக் காட்டுகிறேன்.

'கிளறல். சிவப்பு. குழிக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிளறு. கையில் கிடைத்ததை உரியவரிடம் கொடு. அது அவர் கேட்டதாக இருக்காது. முழுசாகவும் இருக்காது. விலை, கிளறிய கையில் ஒரு காயம்.'

இதை நீங்கள் எழுதவில்லை. இதன் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி வளைந்திருக்கின்றன. நீங்கள் வெட்டிய சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள் நுழையாது, இது நுழைந்தது. என் பள்ளிக்கூட நோட்டு லேபிள்களின் மூலை இப்படித்தான் இருக்கும். இருமல் மருந்து பாட்டிலின் மூடியை வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே கத்திரியை விட்டு, சீட்டைத்தான் திருப்ப வேண்டும், கத்திரியைத் திருப்பக்கூடாது. எனக்கு வராது. எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன்.

சனிக்கிழமை இதை மேசையில் வைத்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. கடைக்கார அம்மா இரண்டு தடவை படித்தார். ஆடிப் பார்க்கலாம் என்றார். ஆடினோம். எதிரே இருந்தவர் குழியைக் கிளறி, எனக்குத் துளியும் உதவாத ஒரு பச்சைச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்கு ஆட்டக் கணக்கில் அவருக்கு ஒரு காயம். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கார அம்மா மட்டும், இது சிவப்புதான், இதைவிடச் சிவப்பாக ஒன்றைச் செய்ய முடியாது என்று சொல்லி, கடைச் சுவரில் ஒட்டிவைக்கக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது.

சுவரைப் பார்க்கவில்லை, அத்தான். கட்டிலுக்கு அடியில் மட்டும்தான் பார்த்தேன்.

கைக் காயம் எப்படி இருக்கிறது? நிஜமாகவே கத்திரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அல்லது சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

மைத்துனன்


ஜூலை 5

மாப்பிள்ளைக்கு,

மாட்டிக்கொண்டேன். நான் மட்டும் இல்லை, எல்லோரும் மாட்டிக்கொண்டோம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒருவர் கேட்ட கிரீம் கலருக்குப் பதிலாகக் கத்தரிக்காய்க் கலரைக் கலக்கிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் நேராக மிஷினுக்கு எதிரே நின்று, என் உறையைப் பிரித்தது யார் என்று கேட்டேன். கொஞ்சம் மிடுக்காகத்தான் கேட்டேன். அவள் தைப்பதை நிறுத்தவில்லை. ஒட்டாத உறையை எதுக்குப் பிரிக்கணும் என்றாள்.

மருந்துப் பெட்டியைத் திறக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூலம் இல்லன்னு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்குக் காரம் போடாம இருந்த?"

"தெரிஞ்சதாலதான் போடல."

மாப்பிள்ளை, இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த நாளிலிருந்து எனக்கு இதே கதிதான். முதலாளி மனைவியிடம் சொன்னதும் தெரிந்தேதான். ரப்பர் மெத்தை வரும் என்று எதிர்பார்க்கவில்லையாம், வந்தபோது சந்தோஷமாக இருந்ததாம்.

சரி, கை எப்படிக் கிழிந்தது என்று கேட்டேன். முதலில் கத்திரி என்றாள். உன் தம்பி கேட்கச் சொன்னான் என்றேன். சொல்ல வேண்டாம் என்றாய், அல்லது சொல்லுங்கள் என்றாய், நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். மிஷின் நின்றது. சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பட்டன் போடுகிற தகர டப்பாவை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தாள்.

உன் சீட்டு. எல்லாம் இல்லை, ஒரு கைப்பிடி.

பழைய பேப்பர்க்காரரின் கடைக்குப் போய், அவர் சரக்கு போடுகிற கிடங்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே போயிருக்கிறாள். லைனிங் துணி வாங்கப் போனதெல்லாம் அங்கேதான். பேப்பர் பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்து மூட்டை மூட்டையாகக் கிளறியிருக்கிறாள். உள்ளே வெளிச்சம் கிடையாதாம், கை விட்டு எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்துதான் என்னவென்று பார்க்க முடியுமாம். அங்கே கிழிந்த தகரம்தான் கையைக் கிழித்தது. எது உன் சீட்டு, எது இல்லை என்று அவளுக்குத் தெரியாது, அந்த அளவில் இருந்ததையெல்லாம் அள்ளி வந்திருக்கிறாள். உன் சீட்டோடு யாரோ ஒரு பல் டாக்டரின் கார்டு இருக்கிறது, காலாவதியான ஒரு நூலகக் கார்டு இருக்கிறது, விலங்குப் படம் போட்ட சின்னப் பிள்ளைச் சீட்டு ஒன்று, ஒட்டகச்சிவிங்கி. எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, மேலே துணி போட்டு, சூடு குறைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். பல் டாக்டர் உள்பட.

இதை அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். கேலியாக ஆரம்பித்தேன், பாதியில் கேலி வரவில்லை.

"அவன் கேட்டது முழுப் பெட்டி. இதைக் கொண்டுபோய் எப்படிங்க நீட்டுறது?"

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவுக்குள் அடுக்கினாள், பல் டாக்டரை மட்டும் தனியாக வைத்தாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, டப்பாவிடம் சொன்ன மாதிரி.

"அவன் சொன்னதுல தப்பு என்ன இருக்கு. நான் அம்மா இல்லதான். அக்காதான். அக்கான்னா பத்தாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

நான் டீ போட உள்ளே போய்விட்டேன். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தாள், அதிலிருந்து தெரிந்துகொள்.

மிஷின் நகர்த்துகிற நாளில் மாற்றம் இல்லை. வம்புக்கு இல்லை மாப்பிள்ளை, நான் நினைக்கிறேன், பூட்டின ரூமைத் தாண்டித் தாண்டிப் போவது அவளுக்கு முடியவில்லை.

அத்தான்


ஜூலை 10

அத்தான்,

இந்த உறைக்குள் இன்னொரு சிறிய உறை இருக்கிறது. அது அக்காவுக்கு. நான் அதை ஒட்டவில்லை. ஒட்டினாலும் நீங்கள் இருவரும் படிக்கத்தான் போகிறீர்கள்.

உள்ளே ஒரு சீட்டு. நீலம். என் கையால் வெட்டியது, மூலையைப் பார்த்தால் தெரியும். உங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

'வாபஸ். நீலம். நீ ஏற்கெனவே வைத்துவிட்ட சீட்டு ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள். விலை, உன் கையில் இருப்பதையெல்லாம் எதிராளி பார்க்கும்படி விரித்து வை.'

நீலம் எதிராளியின் சீட்டைத்தான் திருப்பி அனுப்பும். தன் சீட்டைத் தானே எடுத்துக்கொள்ளாது, வைத்தது வைத்ததுதான். கையை மறைக்காமலும் ஆடாது. ஆகவே இது இரண்டு பக்கமும் இழுத்த சீட்டு. கடைக்கார அம்மாவிடம் காட்டவில்லை. அறுந்திருந்தாலும் பரவாயில்லை.

அவள் செய்ததைப் படித்த பிறகு வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏழெட்டுத் தடவை கடிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே லிஃப்ட் அறிக்கை மாதிரி வந்தது.

மிஷினை நகர்த்த ஆள் வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரமுடியாது என்று இங்கே சொல்லிவிட்டேன். நீங்களும் நானும் நகர்த்துவோம். என் ரூமுக்குத்தான். கட்டிலை உள்சுவரோடு ஒட்டிப் போட்டு, மிஷினை ஜன்னலுக்குக் கீழே போட்டால் இரண்டும் பிடிக்கும், கதவும் திறக்கும். அளவு எனக்கு நினைவிருக்கிறது. நான் வரும் நாட்களில் அவள் தைக்கும் சத்தத்தில் தூங்கிக்கொள்வேன், பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்தச் சத்தத்தில்தானே.

ஒட்டகச்சிவிங்கி என்னுடையதுதான். தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

இங்கே லிஃப்டுக்குப் புதுக் கயிறு போட்டுவிட்டார்கள். சீலை நானே பிரித்தேன். நாலாவது மாடிக்காரர் என்னோடு பேசினார்.

மைத்துனன்


ஜூலை 24

மாப்பிள்ளைக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. போனில்தான் சொன்னாய், எனக்கு இல்லை, உன் அக்காவுக்கு. நான் பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். என்னிடம் கொடுக்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கூட இரண்டு வார்த்தை பேசினார்.

ஊரெல்லாம் சுற்றி இத்தனை கடிதம் எழுதி, இத்தனை சீட்டு வெட்டி, நீ வாசலில் வந்து நின்று அவளிடம் பேசிய முதல் பேச்சு என்ன என்று நினைவிருக்கிறதா? பின்கால் ஆடுது, அட்டை வச்சியா என்றாய். அவள், வச்சாச்சு, போய்க் கை கால் கழுவு என்றாள். நான் கண்ணீர் விடுவதற்குக் கைக்குட்டையோடு தயாராக நின்றவன். ஏமாந்துபோனேன். அப்புறம் நீ ரூமுக்குள் போய் மிஷினை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாய், அவள் நிலைப்படியில் நின்றாள். மிஷினின் கனம் முழுக்க என் கையில். மூலம் இல்லாதவனுக்கும் வந்துவிடும்போல இருந்தது. நீ ஒருவழியாக, "இதே நீலம்தான்" என்றாய். அவள் என்னைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்றாள். கலக்கியவன் நான். அதை அங்கே யாரும் சொல்லவில்லை, ஆகவே இங்கே சொல்லிவைக்கிறேன்.

நீ போன பிறகு தினமும் சாப்பிட்டதும் என்னை ஆட்டத்துக்கு இழுக்கிறாள். விதி எல்லாம் எப்போது படித்தாள் என்று தெரியவில்லை. இதுவரை எல்லா ஆட்டமும் அவளுக்குத்தான். ஜெயித்தால் உன்னை மாதிரி பேசாமல் இருக்கமாட்டாள், எங்கே தப்பு செய்தேன் என்று பாத்திரம் கழுவும்வரை விளக்குகிறாள். பல் டாக்டரின் கார்டையும் சீட்டுக்கட்டில் சேர்த்திருக்கிறாள், வெள்ளையாம், எதிராளி ஒரு முறை வாயைத் திறக்க முடியாது. உன் கடைக்கார அம்மாவிடம் கேட்டுச் சொல்லு.

சாப்பாட்டில் காரம் வந்துவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய 'வாபஸ்', நீ வந்தபோது விட்டுப் போன அவளுடைய 'கிளறல்', இரண்டும் அழுக்காகிவிடக்கூடாதே என்று கடையிலிருந்து வார்னிஷ் கொண்டுவந்தேன். நல்ல வார்னிஷ், நிலைக்கதவுக்குப் பூசுவது. இரண்டு சீட்டுக்கும் இரண்டு பக்கமும் பூசினேன். காயும்போது மூலை தூக்கிக்கொண்டது. நிமிர்த்தலாம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக நாற்காலியில் வைத்து, மேலே கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் மெத்தையை வைத்து, நான் உட்கார்ந்தேன். பூசிய வார்னிஷ் முழுசாகக் காயும்வரை எதையும் மேலே வைக்கக்கூடாது என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்கிறவன் நான்தான்.

இப்போது சிவப்பும் நீலமும் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கின்றன. சிவப்பின் முதுகில் நாற்காலி ஒட்டியிருக்கிறது. நீலத்தின் முதுகில் ரப்பர் மெத்தை ஒட்டியிருக்கிறது. மெத்தையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் ஒரு மூலை தெரிகிறது, உன் மூலை, கோணல். உன் அக்கா கத்தியை எடுத்து வந்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நாற்காலியை உன் ரூமில் மிஷினுக்கு முன்னால் போட்டிருக்கிறாள். அதில் உட்கார்ந்துதான் தைக்கிறாள். இடுப்புக்கு நன்றாக இருக்கிறதாம்.

மெத்தை இல்லாமல் கடையில் நான் நின்றுகொண்டு வேலை பார்த்தேன். மூலம் முற்றிவிட்டது என்று முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்.

அத்தான்